பிணை ஒப்பம்

செவ்வாய் பின்னேரம் மூன்றரைக்கு
கொம்பனிப் பெடியன் வருவான்.
நாலு மணிக்கு எனக்கு வகுப்பு:
தரம் ஒன்பது, ஆங்கிலம், வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டில்.
இடையில் அரை மணித்தியாலம்
அவனுடைய மோட்டார் சைக்கிள் வேலியோரம் சூடாறும்.
தர்மபுரத்தில் அந்தச் சத்தம் தெரியாத நாயில்லை.

என் பட்டம் கண்ணாடிச் சட்டத்துக்குள், அலுமாரிக்கு மேல்.
ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பித்தல்.
அரச பல்கலைக்கு வெட்டுப்புள்ளியில்
ஒரு நெல்மணி அளவு காணாமல் போனதால்
கொழும்பில், லிப்ட் உள்ள கட்டடத்தில், நாலு வருசம்,
ஒன்பது இலட்சத்து நாற்பதாயிரம்.
அம்மாவின் கொடி முதலாம் வருசத்தோடு போனது.
பரந்தன் வயல் இரண்டாம் வருசம் ஈட்டுக்கு.
பிறகு குழுக்கடன்.
ஐந்து பெண்கள் ஒருவருக்கொருவர் பிணை,
ஒன்றைக் கட்ட இன்னொன்று,
மூன்று கொம்பனி, மூன்று நிறத்தில் அட்டை.
சிவப்பும் பச்சையும் முடிந்தன. மிஞ்சியது நீலம்.

இப்போது கிளிநொச்சியில் ஒரு தனியார் பள்ளி.
கழுத்துப்பட்டி கட்டிய நாலு வயதுகள்
என்னை மிஸ் என்று கூப்பிடும்.
மாதம் இருபத்தெட்டாயிரம்.
நீல அட்டைக்குக் கிழமைக்கு நாலாயிரத்து முந்நூற்று ஐம்பது.
மிச்சத்தைப் பஸ்காரனும் கடைக்காரனும்
தங்களுக்குள் பேசித் தீர்ப்பார்கள்.
தகரக் கொட்டிலில் பதினான்கு பேர்;
காசு தருவது ஆறு. நெல் வெட்டினால் எட்டு.

என்னிடம் படித்து ஆறரை எடுத்த கோபிசா
கனடாவில் பெட்டி அடுக்குகிறாள்.
இரவில் செய்தி போடுவாள்:
மிஸ், இங்கை வேலையிலை எல்லாரும் தமிழ்தான்.

போன மாரியில் கூரை ஒழுக
அலுமாரியை நகர்த்தினேன்.
பட்டத்துக்குப் பின்னால் ஒரு பொலித்தீன் பை,
அதற்குள் நீல அட்டையின் ஒப்பந்தம்,
பதினொரு பக்கம், முழுவதும் ஆங்கிலம்.
நாலு வருசம் எனக்குத் தந்த வாசிப்புப் பகுதிகள்
பனிமனிதன் செய்வது பற்றியும்
தேம்ஸ் நதிப் படகுகள் பற்றியும்.
இதிலிருந்து ஒருவரும் கேள்வி போட்டிருக்கவில்லை.

ஏழாம் பக்கம், பதினேழாம் பிரிவு:
மேற்படி நிபந்தனைகள் கடன்பெறுநருக்கு
அவருக்கு விளங்கும் மொழியில் வாசித்து விளக்கப்பட்டன.
அதன் கீழே அம்மா,
செ. பரிமளகாந்தி.
அவசரத்தில் 'ந்' மேல் புள்ளி வைக்கவில்லை.

விளக்கப்பட்டன.
செயப்பாட்டு வினை.
யாரால் என்று சொல்லாமல் விடலாம்,
இலக்கணப் பிழை இல்லை.
நானே கரும்பலகையில் எழுதிக் கொடுப்பதுதான்:
சன்னல் உடைக்கப்பட்டது. மாடு களவெடுக்கப்பட்டது.
பிள்ளைகளுக்கு இந்தப் பாடம் பிடிக்கும்,
உடைத்தவனின் பேர் சொல்லத் தேவையில்லை.

"விளங்கினதோ அம்மா?" என்று கேட்டேன்.
"ஒப்பம் வைக்கிற இடம் விளங்கினது,"
மாக் குழைத்தபடியே சொன்னா.
"அண்டைக்குத்தான் உன்ரை பீஸ் கட்டக் கடைசி நாள்."

இன்று கஜிதரன் காசு கேட்கவில்லை.
தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு,
"மிஸ், ஒரு கடிதம் எழுதித் தருவீங்களோ? இங்கிலீசிலை."
அவனுடைய மோட்டார் சைக்கிள் லீசிங்,
இரண்டு மாதம் நிலுவை,
பறிக்க வருகிறார்களாம். பறிக்கிறது வேறு கொம்பனி.
எழுதினேன்.
தவணை செலுத்தப்படவில்லை.
காலம் நீடிக்கப்பட வேண்டும்.
அவனையும் வசனத்திலிருந்து வெளியே எடுத்துவிட்டேன்,
கொஞ்சம் மூச்சு விடட்டும்.

"எவ்வளவு மிஸ்?"
வாய் கூசியது. பிறகு சொன்னேன், ஐந்நூறு.
அவன் தலையாட்டினான். பேரம் இல்லை.

பேனையையும் மூடவில்லை.
நீல அட்டையை இழுத்துத் திகதி போட்டு
செலுத்திய தொகைக்கு நேரே ஐந்நூறு எழுதி
தன் ஒப்பத்தை வைத்தான்.
"மிச்சம் மூவாயிரத்து எண்ணூற்று ஐம்பது, மிஸ்."

பின்னால் கொட்டிலில்
பிள்ளைகள் வந்து வாங்கு இழுக்கிற சத்தம்.